டர்பனின் 32 டிகிரி ஏன் அப்பிங்டனின் 38-ஐவிட மோசம்? கடலோரக் கோடைக்கு ஓர் எளிய விளக்கம்

ஜனவரி வந்துவிட்டால் டர்பனில் வேறு பேச்சே கிடையாது. புறநகர்களான சாட்ஸ்வொர்த்தானாலும் ஃபீனிக்ஸானாலும், கோவில் வாசலானாலும் கடை வரிசையானாலும் வெயிலைப் பற்றித்தான் புலம்பல். "தைப் பனி தரையைத் துளைக்கும்" என்று ஊரில் பாட்டிமார் சொல்லிவைத்த மாதம், தென்னாப்பிரிக்காவில் கோடையின் உச்சம். இங்கே தைப்பூசக் காவடி எடுப்பவர்களுக்குப் பனியைப் பற்றிக் கவலையில்லை. தார் ரோட்டில் கால் பொத்துப்போகாமல் இருக்கவேண்டும் என்பதே கவலை.

பேச்சு அதிகமாக அதிகமாகக் குழப்பமும் கூடுகிறது. "இன்றைக்கு 45 டிகிரி" என்று ஒருவர் கார் மீட்டரைப் படம்பிடித்து அனுப்புவார். "ஈரப்பதம் 95 சதவீதம்" என்பார் இன்னொருவர். சூரியன் பூமிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, ஓசோனில் ஓட்டை, கடலோரம் என்றால் குளிர்ச்சிதானே என்று ஆளுக்கொரு விளக்கம். பெரும்பாலானவற்றில் கால்வாசி உண்மை உண்டு. மீதி முக்கால் எங்கே தவறுகிறது என்று தெரிந்தால், எந்த நாளுக்குப் பயப்படவேண்டும், எந்த நாளில் தைரியமாக வெளியே போகலாம் என்பதும் தெரிந்துவிடும்.

சூரியன் கதையை முதலிலேயே முடித்துவிடலாம். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது உண்மைதான். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் சுமார் 15.2 கோடி. இதனால் கிடைக்கும் கூடுதல் வெயில் 7 சதவீத அளவு. ஆனால் இது வருஷம் தவறாமல் நடப்பது. போன வாரம் சுமாராக இருந்த ஊர் இந்த வாரம் கொதிப்பதற்கு இது காரணமாக முடியாது. ஓசோன் ஓட்டை அண்டார்டிகாவுக்கு மேலே வசந்த காலத்தில் உருவாகும் சங்கதி. அதன் வழியாகக் கூடுதலாக வருவது தோலைச் சுடும் புற ஊதாக் கதிர். காற்றின் சூட்டை அது தீர்மானிப்பதில்லை.

கொடியில் காயும் துணி

வீட்டுக் கொடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி ஏற்கெனவே தெரியும். சில நாள் ஒரு மணி நேரத்தில் துணி மொறுமொறுவென்று காய்ந்துவிடும். சில நாள் காலையில் போட்டது சாயங்காலம் வரை நசநசவென்றே இருக்கும். அப்படிக் காயாத நாள்களில் பல, நல்ல சூடான நாள்களாகவும் இருக்கும். துணி காய்வதற்குச் சூடு மட்டும் போதாது. துணியிலிருந்து கிளம்பும் நீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்கவேண்டும்.

நம் தோலும் வெயில் காலத்தில் ஒரு ஈரத்துணிதான். உடம்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒரு 100 வாட் பழைய குண்டு பல்பு அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே 37 டிகிரிக்குப் பக்கத்தில் நிலையாக வைத்துக்கொள்ள, இந்த வெப்பத்தை வெளியே தள்ளியாகவேண்டும். காற்று குளுமையாக இருந்தால் தோலிலிருந்து நேரடியாகவே சூடு போய்விடும். காற்றின் சூடு தோலின் சூட்டை, அதாவது சுமார் 35 டிகிரியை, நெருங்கிவிட்டால் அந்த வழி அடைபடுகிறது. மிச்சம் இருப்பது வியர்வை ஒன்றுதான்.

வியர்வை வழிவதால் குளிர்ச்சி வருவதில்லை, காய்வதால்தான் வருகிறது. நீர் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டுதான் அது கிளம்புகிறது. இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் உடம்பை விட்டுப் போகிறது. ஓய்வில் இருக்கும் உடம்பு ஆறரை மணி நேரத்துக்கு மேல் உண்டாக்கும் வெப்பம் அது. அதே ஒரு லிட்டர் தாடையிலிருந்து சொட்டித் தரையில் விழுந்தால் கிடைக்கும் குளிர்ச்சி கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இதுவரை: வெயிலில் உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை காய்வது. அது காய்வதைத் தடுப்பது காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீர்.

சதவீதம் எப்படி ஏமாற்றுகிறது

காற்றில் கலந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத நீரை நீராவி என்கிறோம். சூடான காற்றில் அதிக நீராவி தங்கமுடியும். ஒவ்வொரு டிகிரிக்கும் இந்த உச்ச அளவு சுமார் 7 சதவீதம் கூடுகிறது. அந்த உச்சத்தில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பதுதான் செய்தியில் சொல்லும் ஈரப்பத சதவீதம். சரியான பெயர் ஒப்பு ஈரப்பதம்.

சிக்கல் இங்கேதான். காற்றில் இருக்கும் நீர் கொஞ்சமும் மாறாமலேயே, காற்று சூடானால் இந்தச் சதவீதம் குறைந்துவிடும். டர்பனில் ஒரு ஜனவரி விடியற்காலையை எடுத்துக்கொள்ளுங்கள். 24 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 88 சதவீதம். அதே காற்று மதியம் 31 டிகிரிக்குச் சூடானால் சதவீதம் 59 ஆகிவிடும். ஒரு துளி நீர்கூட எங்கேயும் போகவில்லை. ஆனால் காலை 88-ஐயும் மதியம் 31-ஐயும் சேர்த்து "31 டிகிரி, 88 சதவீதம்" என்று ஒரு செய்தி கிளம்பிவிடும். அப்படி ஒரு நேரம் அன்றைக்கு இருந்ததே கிடையாது.

இந்த ஏமாற்று வேலை இல்லாத ஓர் அளவு உண்டு. அதன் பெயர் பனிநிலை: இருக்கும் நீராவி அப்படியே இருக்க, காற்றை எத்தனை டிகிரிக்குக் குளிரவைத்தால் பனித்துளி விழத் தொடங்குமோ அந்த வெப்பநிலை. மேலே சொன்ன விடியற்காலைக்கும் மதியத்துக்கும் பனிநிலை ஒன்றேதான், 22 டிகிரி. காற்றில் எவ்வளவு நீர் என்பதை நேரடியாகச் சொல்வதால் எனக்கு வானிலை செய்தியில் மிகவும் பிடித்த எண் இதுதான். அநியாயமாக யாரும் இதைப் பார்ப்பதில்லை. பனிநிலை 15, 16 என்றால் உடம்புக்குச் சுகம். 20-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு. 24-ஐத் தொட்டால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சட்டை முதுகில் ஒட்டும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். வடக்கு கேப்பில், கலஹாரிப் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் அப்பிங்டனில் ஒரு சாதாரணக் கோடை மதியம் 38 டிகிரி, 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பனிநிலை 11-ஐ ஒட்டி இருக்கும். டர்பனில் 32 டிகிரி, 65 சதவீதம் என்றால் பனிநிலை 24-க்கு மேல். அப்பிங்டன் காற்று வியர்வையை உறிஞ்சிக் குடிக்கும். டர்பன் காற்றின் வயிறு ஏற்கெனவே பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது.

இதை ஒரு பழைய கருவியும் காட்டும். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றோட்டத்தில் வைத்துப் பார்ப்பார்கள். துணியிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. நல்லா வியர்த்த உடம்பைக் காற்று எவ்வளவு தூரம் குளிரவைக்க முடியும் என்பதற்கு இது கிட்டத்தட்ட எல்லை. நம் அப்பிங்டன் மதியத்துக்கு அது சுமார் 21, டர்பன் மதியத்துக்கு 26-க்கு மேல். எண்ணில் ஆறு டிகிரி குறைவான ஊர், உடம்பைப் பொறுத்தவரை ஐந்து டிகிரி அதிகம்.

கடல் கொடுப்பதும் எடுப்பதும்

கடலோரம் என்றால் குளிர்ச்சி என்ற நம்பிக்கை கேப் டவுனில் சரியாகவே இருக்கும். அங்கே அட்லாண்டிக் பக்கம் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம். கோடையில் தென்கிழக்குக் காற்று அடிக்கும்போது அடியிலிருந்து சில்லென்ற நீர் மேலே வரும். டிசம்பரில்கூடக் கால் வைத்தால் விறைத்துப்போகும்.

டர்பனின் கடல் வேறு. இந்துமாக் கடலின் வெதுவெதுப்பான நீரை வடக்கிலிருந்து கரையோரமாகவே தெற்கு நோக்கி இழுத்துவருகிறது அகுல்யாஸ் நீரோட்டம். கோடையில் டர்பன் கடல்நீர் 24 முதல் 27 டிகிரி வரை இருக்கும். இத்தனை சூடான நீர் நாள் முழுக்க ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் தவழ்ந்துவரும் வடகிழக்குக் காற்று, ஊர்க்காரர்கள் நார்த் ஈஸ்டர் என்று சொல்வது, அந்த ஆவியை மூட்டை கட்டி உம்லாங்காவிலிருந்து அமன்சிம்டோட்டி வரை இறக்கிவிட்டுப் போகிறது.

அதனால் டர்பனில் கடல் இரண்டு வேலை செய்கிறது. பகலில் கடற்காற்று வந்து வெப்பநிலையை 40-க்கு ஏறவிடாமல் பிடித்துவைக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் டர்பனின் சராசரி அதிகபட்சம் 28 டிகிரி அளவில்தான். ஆனால் அதே காற்று நீராவியையும் கொண்டுவருகிறது. ஒரு கையால் சூட்டைக் குறைத்து, மறு கையால் வியர்வை காய்வதைத் தடுக்கிறது. கடற்கரைச் சாலையில் நிற்பவருக்குக் காற்று வேகமாவது கிடைக்கும். சாட்ஸ்வொர்த்தின் பள்ளங்களில் இருப்பவருக்கு வேகம் போய் ஈரம் மட்டும்தான் வந்துசேரும்.

கடல் இன்னொரு உபகாரமும் செய்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. காற்றில் இருக்கும் நீர் கடலிலிருந்து வந்தது என்பதால், கரையோரத்தில் பனிநிலை கடல்நீரின் சூட்டைத் தாண்டி அதிகம் போகமுடியாது. கடல் 26 என்றால் பனிநிலையும் 26-ஐ ஒட்டியே நிற்கும். அப்படியானால் 35 டிகிரியில் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைச் சுற்றியே இருக்கமுடியும். "35 டிகிரி, 90 சதவீதம்" என்று யாராவது அனுப்பினால், டர்பன் கடல் 33 டிகிரிக்குக் கொதிக்கவேண்டியிருக்கும் என்று பதில் போடலாம். உலகத்தில் அப்படிப்பட்ட காற்று வீசும் இடங்கள் உண்டு, ஆனால் அவை பாரசீக வளைகுடா போன்ற ஆழமில்லாத, மிகவும் சூடான கடல்களின் ஓரம். சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலையில் பனிநிலை 35 டிகிரி என்று பதிவானது.

சுருக்கமாக: சூடான கடல் பகல் உச்சத்தைக் குறைக்கிறது, ஈரத்தைக் கூட்டுகிறது. அந்த ஈரத்துக்கும் கடலின் சூடே மேல்வரம்பு.

ராத்திரி ஏன் ஆறுவதில்லை

அப்பிங்டன்காரருக்கு ஒரு சலுகை உண்டு. பகலில் வறுத்தெடுத்தாலும், வறண்ட காற்று என்பதால் ராத்திரி தரையின் சூடு வானத்துக்குத் தடையின்றிப் போய்விடும். டர்பனில் இந்தச் சலுகையை இரண்டு விஷயங்கள் தடுக்கின்றன.

ஒன்று, நீராவியே தரையிலிருந்து மேலே போகும் வெப்பத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் வாயு. இரண்டாவது இன்னும் சுவாரசியம். ராத்திரி காற்று குளிர்ந்துகொண்டே வந்து பனிநிலையைத் தொட்டதும் நீராவி துளியாக மாறத் தொடங்குகிறது. ஆவியாகும்போது எடுத்துக்கொண்ட உள்ளுறை வெப்பத்தை அப்போது அது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. குளிர்வது அங்கேயே மந்தமாகிவிடும். ஆக, பனிநிலை 23 என்றால் அன்றைய ராத்திரி அதற்குக் கீழே பெரிதாக இறங்காது என்று சாயங்காலமே சொல்லிவிடலாம். சோதித்துப் பாருங்கள், ஆச்சரியமாகப் பொருந்தும்.

இது வெளிக்காற்றின் கணக்கு. வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். பகல் முழுக்கச் சூட்டைக் குடித்த செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் நடு இரவு வரை அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். சாட்ஸ்வொர்த்தின் பழைய கவுன்சில் வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில், தடுப்பு இல்லாத மேல் மாடி ஃப்ளாட்டில், படுக்கையறை நள்ளிரவிலும் வெளியைவிடச் சில டிகிரி கூடுதலாக இருப்பது சர்வசாதாரணம். வெயில் அலையில் முதல் நாளைவிட நாலாம் நாள் ஆபத்து அதிகம் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். பகலில் பட்ட பாட்டை உடம்பு ராத்திரியில்தான் சரிசெய்துகொள்கிறது. ஓய்வு இல்லாத ராத்திரி அடுத்த நாளின் கணக்கில் கடனாக ஏறுகிறது.

எதை வெப்ப அலை என்பது

இரண்டு நாள் வியர்த்தால் உடனே வெப்ப அலை என்று சொல்லிவிடுகிறோம். தென்னாப்பிரிக்க வானிலைச் சேவையின் அளவுகோல் வேறு: ஓர் ஊரின் மிகச் சூடான மாதத்துச் சராசரி அதிகபட்சத்தைவிட 5 டிகிரியோ அதற்கு மேலோ, குறைந்தது 3 நாள் தொடர்ந்து இருந்தால்தான் அது வெப்ப அலை.

இது ஊருக்கு ஊர் மாறும் அளவு என்பதைக் கவனிக்கவேண்டும். டர்பனுக்கு 33-ஐத் தாண்டினால் போதும். அப்பிங்டனுக்கு 40-ஐத் தாண்டவேண்டும். அந்த 38 டிகிரி அங்கே வெறும் ஜனவரி மதியம். ஊர்மக்களும் வீடுகளும் எதற்குப் பழகியிருக்கின்றனவோ அதிலிருந்து எவ்வளவு விலகல் என்று பார்ப்பதால், இதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கடலோரத்துக்கு இந்த வரையறை போதாது என்பது என் கருத்து. இது வெப்பநிலையை மட்டும் எண்ணுகிறது. பத்து நாள் தொடர்ந்து 32 டிகிரி, பனிநிலை 24, ராத்திரியும் 24-க்குக் கீழே இறங்கவில்லை என்றால் இந்தக் கணக்கின்படி டர்பனில் வெப்ப அலையே இல்லை. முதியவர்கள் மயங்கி விழுந்துகொண்டிருந்தாலும் இல்லை. அதனால்தான் இங்கே அசௌகரியக் குறியீடு என்ற இன்னோர் எண்ணும் புழக்கத்தில் இருக்கிறது. கணக்கு ரொம்ப எளிது, ஃபோன் கால்குலேட்டரில் போட்டுவிடலாம். வெப்பநிலையை இரண்டால் பெருக்குங்கள். வெப்பநிலையில் ஈரப்பத சதவீதம் எவ்வளவோ அந்தப் பங்கைச் சேருங்கள். கடைசியில் 24-ஐக் கூட்டுங்கள். 90-ஐத் தாண்டினால் மிகுந்த அசௌகரியம், 100-ஐத் தாண்டினால் கடுமையான அசௌகரியம், 110-க்கு மேல் உடல்நலத்துக்கே ஆபத்து.

நம் டர்பன் மதியத்துக்கு 64, அதோடு 20.8, அதோடு 24. மொத்தம் 108.8. அப்பிங்டனுக்கு 76, 7.6, 24 சேர்ந்து 107.6. ஆறு டிகிரி வித்தியாசத்தை ஈரம் முழுதாக விழுங்கி, டர்பனை ஒரு படி மேலே வைத்துவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: வெப்பநிலையும் ஈரப்பதமும் ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்கவேண்டும். காலைச் சதவீதத்தை மதிய டிகிரியோடு சேர்த்தால் பழைய தப்பே மறுபடி.

நகராமல் நிற்கும் காற்று

சரி, சில வாரங்களில் மட்டும் இது ஏன் விடாமல் படுத்துகிறது? காரணம் நம் தலைக்குப் பல கிலோமீட்டர் மேலே இருக்கிறது. அங்கே உயர் அழுத்தப் பகுதி ஒன்று உருவாகி நகராமல் நின்றுவிட்டால், அதன் கீழே காற்று மெல்ல மெல்லக் கீழிறங்கும். கீழே வர வர அதன்மேல் அழுத்தம் கூடுகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகும். 100 மீட்டர் இறங்கினால் சுமார் 1 டிகிரி. இப்படி இறங்கும் காற்று மேகத்தைக் கலைத்துவிடும், மழையை வரவிடாது. வெயில் நேரே அடிக்கும், மண் காயும். காய்ந்த மண் இன்னும் வேகமாகச் சூடாகும். உள்நாட்டில் இதன் விளைவு வறட்டு வெப்பம். 2016 ஜனவரி 7 அன்று பிரிட்டோரியாவில் 42.7 டிகிரியும் ஜோஹனஸ்பர்கில் 38.9 டிகிரியும் பதிவானது இப்படிப்பட்ட காலத்தில்தான். அது வலுவான எல் நினோ வருஷம். பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் அந்த வருஷங்களில் தென்னாப்பிரிக்காவின் கோடை பெரும்பாலும் காய்ந்தும் காந்தியும் போகும்.

கடலோரத்தில் இதே காற்று வேறு வேலை செய்கிறது. மேலே இருந்து இறங்கிய சூடான காற்று, கடலிலிருந்து வந்த ஈரக்காற்றின்மேல் ஒரு மூடியாக உட்கார்ந்துவிடுகிறது. கீழே இருக்கும் ஈரம் உயரே போய்க் கலந்து சிதறுவதற்கு வழியில்லை. கடல் ஆவியை அனுப்பிக்கொண்டே இருக்க, மூடி திறக்காமல் இருக்க, பனிநிலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். மதியத்துக்குமேல் வழக்கமாக இடி மழை கொட்டும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம்கூட வானம் வெறுமையாக நிற்கும். அந்த ஊர் மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் இருப்பதால் கடற்காற்றும் லேசில் எட்டாது, 40-ஐத் தொடும் நாள்களும் உண்டு.

பெர்க் காற்று வேறு சங்கதி

இதையும் கோடை வெப்ப அலையையும் போட்டுக் குழப்பாதவர்கள் குறைவு. பெர்க் காற்று என்பது உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து டிராகன்ஸ்பர்க் மலைச்சரிவு வழியாகக் கடலை நோக்கி இறங்கும் காற்று. இறங்கும்போது மேலே சொன்ன அதே கணக்கு: 1,500 மீட்டர் கீழே வந்தால் 15 டிகிரி சூடு. ஆனால் இது பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் வருவது. ஆகஸ்டில் திடீரென்று ஒரு நாள் 30-ஐத் தாண்டி, உதடு வெடித்து, துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்து, கரும்புத் தோட்டத்தின் ஓரம் தீப்பிடிக்கிறதே, அதுதான் பெர்க் காற்று. வறண்டது, வந்த வேகத்தில் போய்விடுவது. வியர்வை காய்வதால் எண் பெரிதாக இருந்தாலும் உடம்பு ஓரளவு தாங்கும். தீக்குத்தான் அன்றைக்குப் பயப்படவேண்டும்.

ஃபோனும் கார் மீட்டரும்

வானிலை நிலையத்தில் வெப்பமானி வெள்ளை அடித்த, காற்று புகும் பெட்டிக்குள், புல்தரைக்கு மேலே, நிழலில் இருக்கும். கார் மீட்டரின் உணர்கருவி தாருக்குச் சற்று மேலே, சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில். சிக்னலில் நிற்கும்போது அது 45 காட்டினால் அது காட்டுவது அந்தத் தார் ரோட்டின் நிலவரம். ஊரின் வெப்பநிலை அது ஆகாது. அதற்காக அதைப் பொய் என்றும் தள்ளிவிடவேண்டாம். வெறும் காலோடு அந்த ரோட்டில் நடப்பவருக்கு அதுதான் நிஜம்.

ஃபோனில் வரும் "உணரும் வெப்பநிலை" வெப்பமானி அளந்தது அல்ல, கணக்குப் போட்டது. டிகிரியையும் ஈரத்தையும் ஒரு சூத்திரத்தில் போட்டு, இந்த அளவு அவஸ்தை சாதாரண ஈரத்தில் எத்தனை டிகிரிக்குச் சமம் என்று சொல்வது. அமெரிக்காவின் வெப்பக் குறியீட்டுக் கணக்கில் நம் டர்பன் மதியம் 39-ஐ ஒட்டி வரும், அப்பிங்டன் மதியம் 37 மட்டும்தான். செயலிக்குச் செயலி சூத்திரம் வேறு, அதனால் ஒருவர் ஃபோனில் 39, இன்னொருவர் ஃபோனில் 42. இரண்டு பேரும் சண்டை போடத் தேவையில்லை. அப்புறம், இந்தக் கணக்கு நிழலில் இருப்பவருக்கானது. நேர் வெயிலில் நின்றால் 8 டிகிரி வரை கூடலாம்.

உடம்பின் எல்லை

ஈரக்குமிழ் 35 டிகிரியைத் தொட்டால் எப்பேர்ப்பட்ட திடகாத்திரமான மனிதரும் சில மணி நேரத்துக்குமேல் தாங்கமுடியாது என்று 2010-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2022-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரமான காற்றில் உடம்பு சமாளிக்கமுடியாமல் போகும் இடம் 31 டிகிரிக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. டர்பனின் 26, 27 அதிலிருந்து எட்டத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எல்லை வேலை செய்யாமல் இருக்கும் இளைஞருக்கு. மூட்டை தூக்குபவருக்கு, எழுபது வயதானவருக்கு, சர்க்கரையோ இதய நோயோ இருப்பவருக்கு, நீர் பிரிய மாத்திரை எடுப்பவருக்கு எல்லை வெகு முன்னாலேயே வந்துவிடும். நம் குடும்பங்களில் சர்க்கரை எவ்வளவு சகஜம் என்று சொல்லவேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் "சென்னை வெயிலைப் பார்த்தவங்க நாங்க, இதெல்லாம் ஒரு வெயிலா" என்பார்கள். எண்ணில் அது சரி, சென்னையின் மே மாதம் டர்பனைவிடக் கடுமை. ஆனால் வெயிலுக்குப் பழகுவது என்பது உடம்பு ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொண்டு செய்யும் வேலை. அதிகமாக, சீக்கிரமாக வியர்க்கக் கற்றுக்கொள்கிறது, உப்பைக் கம்மியாக விடுகிறது. சில வாரம் வெயில் படாமல் இருந்தால் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். பத்து வருஷத்துக்கு முந்தைய சென்னை, இந்த வருஷத்து டர்பனில் செல்லாத நோட்டு.

தலைவலி, தசைப்பிடிப்பு, குமட்டல், அதிக வியர்வை என்றால் வெப்பத் தளர்ச்சி. நிழல், தண்ணீர், ஈரத்துணி, ஓய்வு. பேச்சு குழறி, ஆள் யாரென்று தெரியாமல், உடம்பு தீயாகச் சுட்டால் அது வெப்பத் தாக்கு. உடலின் உள் வெப்பம் 40-ஐத் தாண்டியிருக்கும், மூளையே பாதிக்கப்படும் நிலை. உடனே 10177-க்கோ செல்ஃபோனிலிருந்து 112-க்கோ கூப்பிட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்கவேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

ஃபேன் உதவுமா?

"ஃபேன் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிவிடுகிறது" என்பது பாதி உண்மை. காற்றின் சூடு தோலைவிடக் கீழே, அதாவது 35-க்குக் கீழே இருக்கும்வரை ஃபேன் சூட்டையும் அகற்றும், வியர்வையையும் காயவைக்கும். டர்பனின் 32-க்கு ஃபேன் அருமையான கருவி. பீட்டர்மாரிட்ஸ்பர்கில் 40-ஐத் தொடும் நாளில் வெறும் ஃபேன் மட்டும் உடம்பைச் சூடேற்றலாம். அப்போது கையையும் கழுத்தையும் ஈரத்துணியால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வறண்ட காற்று என்பதால் அந்த ஈரம் வேகமாகக் காய்ந்து குளிரும். வயதானவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், அவர்களுக்கு வியர்ப்பதே குறைந்துபோயிருக்கும்.

காவடிக்கு விரதம் இருப்பவர்களிடம் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நல்லது. நடைப்பயணம் காலையில் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறதோ அவ்வளவு நல்லது. காலை எட்டு மணிக்குச் சதவீதம் அதிகமாகக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து பதினொரு மணிக்குத் தள்ளிவைக்கவேண்டாம். காற்றில் இருக்கும் நீர் இரண்டு நேரமும் ஒன்றுதான், காலையில் சூடும் வெயிலும் குறைவு.

ஒருவழியாக இது முடிவதும் காற்றால்தான். கேப் பக்கமிருந்து கரையோரமாகவே ஒரு சிறு தாழ்வழுத்தம் நகர்ந்துவரும், பின்னாலேயே குளிர்முகம், அதாவது முன்னேறிவரும் குளிர்காற்றின் முனை. அது டர்பனைக் கடக்கும் நேரத்தில் நார்த் ஈஸ்டர் நின்று, சில நிமிஷம் காற்றே இல்லாமல் போய், பிறகு சவுத் வெஸ்டர் என்னும் தென்மேற்குக் காற்று கதவுகளை அறைந்துகொண்டு வரும். சில மணி நேரத்தில் 8, 10 டிகிரி இறங்கிவிடலாம், பனிநிலையும் கூடவே சரியும். ஆனால் சுவர்களுக்கு அந்தச் செய்தி எட்ட இன்னும் ஒரு நாள் ஆகும். வெளியே சில்லென்று இருக்கிறதே என்று மேல் மாடியில் தனியாக இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கப் போவதை நிறுத்திவிடாதீர்கள். காற்று திரும்பியதும் போய் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவையுங்கள், அன்றைய ராத்திரியும் ஃபேன் ஓடட்டும்.